ஈத்து முழுவதையும் காட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நேட்டால் வடகரையில் வேலை நாய் வளர்க்கும் நம்மவர்களுக்கும், பதிவேடு தொடங்கப்போகும் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் வெருலத்தில் நாம் கூடிப் பேசியபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் பண்ணைகளுக்கென்று ஒரு வேலை நாய்ப் பதிவேடு வேண்டும் என்று முடிவெடுத்தீர்கள். அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பதிவேட்டில் ஒரு நாயைச் சேர்க்க என்னென்ன வேண்டும் என்ற பேச்சு வந்ததும், மூன்று தலைமுறைப் பெடிகிரி என்ற வம்சாவளிக் காகிதம், பெற்றோரில் ஒன்றாவது நாய் ஷோவில் பட்டம் வாங்கியிருப்பது, பக்கவாட்டில் நின்று எடுத்த ஒரு படம், இவ்வளவு போதும் என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? ரத்தம் நல்லதாக இருந்தால் மற்றது தானே வரும்" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அன்று எழுந்து சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாயைப் பதிவு செய்யும்போது, அதோடு ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகள் அத்தனையும் பிறகு என்ன ஆயின என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பட்டம் வாங்கியதை எழுதுவது போலவே நொண்டியதையும், இடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் பதுங்கியதையும், ஆட்டைக் கடித்ததால் ஊசி போட்டுத் தூங்கவைத்ததையும் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பீர்கள். வீரனால்தான்.

2016இல், ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கு ஆறு கிடாய் விற்ற காசு முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்து போயர்புல் என்ற காவல் நாய் இனத்தில் ஒரு குட்டி வாங்கினேன். எட்டு வாரக் குட்டி. ஒரு வருடத்தில் மூன்று முறை என் பட்டியில் ஆடு திருட்டுப் போயிருந்தது. காவலுக்கு நல்ல நாய் வேண்டும் என்ற தவிப்பு. விற்றவர் கையில் கொடுத்த காகிதத்தில் ஐந்து பெயர்கள் சிவப்பு மையில் இருந்தன, ஐந்தும் சாம்பியன்கள். அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். நாய்க்கு மதுரை வீரன் நினைவாக வீரன் என்று பெயர் வைத்தேன். தேனடை நிறம், பெரிய தலை, யாரைப் பார்த்தாலும் நிதானம். பதினோரு மாதத்தில் என் பெட்டை நாய் கருப்பி பருவத்துக்கு வந்தபோது, இப்படி ஒரு ரத்தம் வீட்டிலேயே இருக்க வெளியே எதற்கு என்று சேர்த்துவிட்டேன்.

பதினான்காம் மாதத்தில்தான் கவனித்தேன். காலையில் கொட்டகைத் தரையிலிருந்து எழும்போது முதலில் முன்னங்கால்கள் இரண்டையும் ஊன்றுவான். உடம்பின் பாரத்தை எல்லாம் முன்னே தள்ளிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கும் முன் ஒரு கணம் காத்திருப்பான். அந்த ஒரு கணத்தில் என் முகத்தைப் பார்ப்பான். ஓடும்போது பின்னங்கால் இரண்டும் முயலுக்கு விழுவது போலச் சேர்ந்து விழும். எக்ஸ்ரேயில் மருத்துவர் காட்டினார்: தொடையெலும்பின் பந்து கிண்ணத்துக்குள் உட்காராமல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும். இடுப்பு மூட்டை ஏ முதல் ஈ வரை தரம் பிரிப்பார்களே, அதில் கடைசித் தரமான ஈ.

விற்றவருக்குப் போன் செய்தேன். "எங்கள் வரிசையில் இப்படி வந்ததே இல்லை, தீனி அதிகமாகக் கொடுத்திருப்பீர்கள்" என்றார். நம்பினேன். என்னையே நொந்துகொண்டேன். ஐந்து மாதம் கழித்து மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒருவர் அதே தேனடை நிறத்தில் ஒரு நாயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பேச்சுக் கொடுத்தேன். அதே பிறந்த தேதி, அதே தாய். அவரும் விற்றவரிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் நான் போன் செய்வதற்கு முன்பே. தேடிப் பிடித்ததில் அந்த ஈத்தில் பிறந்த ஒன்பதில் நான்கு நொண்டி. காகிதத்தில் இது எதுவும் இல்லை, சிவப்பு மைதான் இருந்தது.

அதற்குள் கருப்பி ஒன்பது குட்டி போட்டிருந்தாள். அவற்றில் ஏழு குட்டிகளை விற்று, இரண்டைச் சும்மா கொடுத்திருந்தேன்.

விற்றவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவர் செய்ததை நானும் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்பது ஒன்றே வித்தியாசம். வீரன் ஐந்து வயதில் போனான்.

இப்போது புலி, பூனை விஷயத்துக்கு வருகிறேன். குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி மரபணு வருகிறது. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு குட்டிக்கும் புதிதாகப் போடும் சீட்டு. ஆகவே பெடிகிரி என்பது சீட்டுகள் எந்தப் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டன என்று சொல்லும். எந்தச் சீட்டு வந்தது என்று சொல்லாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதிலிருந்து வந்த மற்றச் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். கூடப்பிறந்தவை, வேறு தாய்க்கு அதே தகப்பன் போட்ட குட்டிகள், தாயின் முந்தைய ஈத்து, இவைதான் அந்தச் சீட்டுகள். ஒரு நாயின் மூட்டு நன்றாக இருந்து அதன் உடன்பிறப்புகள் ஐந்து நொண்டினால், அந்த நாய் தப்பிப் பிறந்திருக்கிறது என்று அர்த்தம். தன் குட்டிகளுக்கு அது எதைக் கொடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. என் ஆயா பெண் பார்க்கப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்ப்பது கடைசியில்தான். அக்கா எப்படி, தம்பிக்கு என்ன உடம்பு, சித்தப்பா ஏன் சின்ன வயதில் போனார், எல்லாம் கிணற்றடியிலேயே விசாரித்து முடித்திருப்பாள். தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்ற பழமொழியை நம் நாய்க்காரர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். ஆயா தாயோடு நிறுத்தியதில்லை.

கரும்பிலும் இதே கதைதான். மவுண்ட் எட்ஜ்கம்பில் 1925இல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது நம் எல்லாருக்கும் தெரியும், நம் தாத்தாக்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள். நேட்டால் குளிரில் கரும்புப் பூ சரியாக விதை கட்டாது என்பதால் கோயம்புத்தூரில் சேர்க்கை செய்த விதையை வரவழைத்து இங்கே நாற்றுவிட்டார்கள். என்.சி.ஓ. என்று வரும் ரகங்களில் முதல் எழுத்து நேட்டால், பின்னது கோயம்புத்தூர். 1945இல் வெளிவந்த என்.சி.ஓ. 310, 1955இல் வெளிவந்த என்.சி.ஓ. 376, இந்த இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றே: கோ 421, கோ 312. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த உடன்பிறப்புகள். ஆனாலும் இரண்டும் வேறு வேறு கரும்பு. பின்னது முன்னதை வயலிலிருந்தே தள்ளியது. அதே சேர்க்கையில் முளைத்த மற்ற நாற்றுகளில் பெரும்பாலானவை வயலில் நிறுத்திப் பார்த்துக் கழிக்கப்பட்டவை. பெற்றோர் பெயரை மட்டும் பார்த்து விதைத்திருந்தால் எதைக் கையில் எடுத்திருப்போம்? இன்னொன்று: கரும்பில் ஒரு நல்ல நாற்று கிடைத்தால் கரணை வெட்டி நட்டு அப்படியே பெருக்கலாம். நாயில் அதற்கு வழியில்லை. ஒவ்வொரு ஈத்திலும் சீட்டு மறுபடி குலுக்கப்படுகிறது. அதனால் கரும்புக்காரரைவிட நாம்தான் அதிகமாகக் கணக்கு வைக்க வேண்டியவர்கள்.

மாட்டுக்காரர்களும் கணக்கு வைத்தார்கள். யான் பான்ஸ்மா 1937 முதல் மாரா ஆராய்ச்சி நிலையத்தில் ஆஃப்ரிக்கானர் மாட்டோடு ஹியர்ஃபோர்டையும் ஷார்ட்ஹார்னையும் கலந்து பான்ஸ்மாரா இனத்தை உருவாக்கியபோது கன்றுகளை எடைபோட்டு, வெயிலில் தாங்குகிறதா என்று அளந்து, எழுதி, தள்ளுவதைத் தள்ளினார். இன்று இந்த நாட்டில் பொலிகாளை வாங்கப் போனால், அதன் உறவுகள் அத்தனையின் அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட இனவிருத்தி மதிப்பைக் கேட்கிறோம். நாய்க்கு மட்டும் படம் போதுமா?

நாயிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை 1929 முதல் தயாரிக்கும் சீயிங் ஐ நிறுவனம், தன் ஜெர்மன் ஷெப்பர்டுகளிலும் லாப்ரடார்களிலும் ஒவ்வொரு நாயின் எக்ஸ்ரேயோடு அதன் உறவு நாய்களின் எக்ஸ்ரேயையும் சேர்த்துக் கணக்கிட்டு இணை தேர்ந்தது. ஐந்து தலைமுறைகளில் இடுப்பு மூட்டுக் கோளாறு பாதிக்கும் கீழே இறங்கியது. அதிசய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எல்லாக் குட்டிகளையும் படம் எடுத்தார்கள், வந்த முடிவு எதையும் மறைக்கவில்லை.

இனி, நம் பக்கத்து நாட்டில் தொடங்கிய ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. ரிட்ஜ்பேக் நாயின் முதுகில் முடி எதிர்த்திசையில் வளர்ந்து ஒரு வரப்பு போல நிற்குமே, அதுதான் இனத்தின் அடையாளம் என்று 1922இல் இன்றைய சிம்பாப்வேயின் புலவாயோவில் பிரான்சிஸ் பார்ன்ஸும் கூட இருந்தவர்களும் தரவிதி எழுதினார்கள். வரப்பு இல்லாமல் பிறந்த குட்டிகளைப் பல வளர்ப்பாளர்கள் பிறந்த சில நாளிலேயே கொன்றுவந்தார்கள். இனத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தார்கள். இந்த இனத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. தோலிலிருந்து முதுகெலும்பை நோக்கி உள்ளே ஓடும் ஒரு மெல்லிய குழாயோடு சில குட்டிகள் பிறக்கும். அதில் சீழ் பிடித்தால் பெரும் பாடு. 2007இல் சுவீடனில் ஆய்வு செய்தவர்கள் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். வரப்புக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒரு பிரதி இருந்தாலே வரப்பு வந்துவிடும். இரண்டு பிரதியும் வாங்கிய குட்டிக்குத்தான் அந்தக் குழாய்க் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். ஒரு பிரதி உள்ள இரண்டு நாய்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி வரப்பில்லாமல் பிறக்கும். அந்த ஒரு குட்டியிடம் மாறிய மரபணு இல்லவே இல்லை. அதாவது இந்த ஒரு விஷயத்தில் ஈத்திலேயே பாதுகாப்பான குட்டியைத் தேர்ந்தெடுத்துக் கொன்றிருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. கொன்ற குட்டிகளையும் குழாயோடு பிறந்த குட்டிகளையும் ஒரே நோட்டில் எழுதி எல்லாருமாக ஒப்பிட்டிருந்தால், மரபணு ஆய்வு வருவதற்கு வெகு காலம் முன்பே யாருக்காவது சந்தேகம் தட்டியிருக்கும். கழித்ததை யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் தெரியாமல் போயிற்று.

ஒரு மரபணுவில் வரும் கோளாறுகளுக்கு இப்போது எச்சில் பரிசோதனை இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் பின்னங்கால் மெல்ல மெல்ல விழுந்துபோகும் நரம்பு நோய்க்கு எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் காரணம் என்று 2009இல் தெரிந்தது. வெளியே தெரியாமல் அந்த மாற்றத்தைச் சுமக்கும் இரண்டு நாய்களை ஒன்றோடொன்று சேர்க்காமல் இருந்தாலே இரண்டு பிரதியோடு குட்டி பிறக்காது. இவை எளிது. மூட்டு, ஆயுள், வெயில் தாங்குவது போன்றவற்றுக்குப் பல மரபணுக்களோடு தீனியும் வளர்ப்பும் சேர்கின்றன. அவற்றுக்கு உறவுக் கணக்கைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

குணம் இன்னும் சிக்கல். "நரம்பு நல்ல வரிசை" என்று பேசுகிறோம், அதை எப்படிப் பார்த்தோம்? பயந்த தாய் வளர்த்தால் குட்டியும் பயப்படும். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மனிதரையும் சத்தத்தையும் பார்க்காத குட்டி நல்ல ரத்தமாயிருந்தும் கெட்டுப்போகும். பிறப்பு எது, வளர்ப்பு எது என்று பிரிக்க ஒரே வழி, வேறு வேறு வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளை ஒரே சோதனையில் நிறுத்துவது. சுவீடனின் வேலை நாய்ச் சங்கம் 1989 முதல் இதைத்தான் செய்கிறது. நாய் வழியில் போகும்போது திடீரென்று ஒரு பொம்மை மனிதன் எழுந்து நிற்கும். சங்கிலி தடதடவென்று இரும்பில் இழுபடும். வெள்ளைத் துணி போர்த்த இரண்டு உருவங்கள் மெல்ல நெருங்கும். துப்பாக்கி வெடிக்கும். ஒவ்வொன்றிலும் நாய் என்ன செய்தது, பயந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிந்து அதை முகரப் போனது என்று எண்ணில் எழுதுகிறார்கள். பயப்பட்டதைவிடத் தெளிந்த நேரம் முக்கியம் என்பது என் கருத்து. நம் ஊரில் தீபாவளி இரவு ஒன்று போதும், பாதிச் சோதனை முடிந்துவிடும். அடுத்த நாள் காலையில் நோட்டை எடுத்து எழுத ஆள்தான் இல்லை.

ரத்தத்தில் மட்டும் நம்பிக்கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. நிறவெறி ஆட்சிக் காலத்தில் பிரிட்டோரியா பக்கம் ரூடெப்லாட்டில் ஓநாயையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் கலந்து எல்லைக் காவலுக்கு ஒரு சூர நாயை உண்டாக்கப் பார்த்தார்கள். ஓநாயின் பலமும் தாங்கும் சக்தியும் வந்தன. மனிதன் சொல்வதைக் கேட்டு அவனுக்காக உழைக்கும் மனம் வரவில்லை. பழக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். எதற்காக அப்படி ஒரு நாயை விரும்பினார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாயைக் காட்டிப் பயமுறுத்தப்பட்ட ஜனங்கள் நாம். பலத்தையும் மூர்க்கத்தையும் "நல்ல ரத்தம்" என்று சொல்லும்போது நம் நாக்கு கொஞ்சம் தயங்க வேண்டும்.

1925இல் டிடெக்டிவ் சார்ஜென்ட் ஹெர்பர்ட் குரூகரின் டாபர்மேன் சாவர், கால்நடைத் திருடன் ஒருவனைக் கரூ பாலைவெளியில் மோப்பத்தாலேயே 160 கிலோமீட்டர் தொடர்ந்து போனது. க்ரூகர் பூங்காவில் வனக்காவலர் அமோஸ் ம்சிம்பாவோடு வேலை பார்த்த பெல்ஜியன் மலினுவா நாய், கில்லர் என்று பெயர், வேட்டைத் திருடர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடிக்க உதவியதற்காக 2016இல் பிரிட்டனின் பி.டி.எஸ்.ஏ. என்ற விலங்கு நல அமைப்பின் தங்கப் பதக்கம் பெற்றது. இந்த நாய்களைப் பற்றி நாம் இன்றும் பேசுவது அவை செய்த வேலைக்காக. பக்கவாட்டுப் படம் யாருக்கு நினைவிருக்கிறது?

நம் வேலை என்ன என்பதையும் ஒரு முறை யோசியுங்கள். துரத்திப் பிடிக்கும் நாய் நமக்கு அதிகம் தேவையில்லை. பட்டியை விட்டு நகராத நாய்தான் தேவை. வீரனுக்குப் பிறகு நான் பொன்னியை வாங்கினேன், அனடோலியன் பெட்டை. 2005 முதல் சிவிங்கிப்புலிகளையும் மந்தைகளையும் ஒருசேரக் காப்பாற்ற சீட்டா அவுட்ரீச் அமைப்பு தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் வைத்துவரும் இனம் இது. வாங்கும் முன் இரண்டு மாதம் பக்கியை (சின்னச் சரக்கு வண்டி) எடுத்துக்கொண்டு அவளுடைய அண்ணன் அக்காமார், முந்தைய ஈத்துப் பிள்ளைகள், ஆறு பேரையும் அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ப் பார்த்தேன். கிரேடவுன் போகும் வழியில் ஒரு பண்ணையில் அவளுடைய அக்கா இருந்தாள். நான் போன நேரம் ஒரு ஆடு குட்டி போட்டுக்கொண்டிருந்தது. நாய் பத்தடி தள்ளிப் படுத்து, முகத்தை வேலிப் பக்கம் வைத்துக்கொண்டிருந்தது. ஆடு எழுந்து நகர்ந்த பிறகுதான் மெல்ல வந்து, குட்டியைத் தொடாமல், கீழே கிடந்த நஞ்சுக்கொடியைத் தின்றுவிட்டு, திரும்பவும் வேலியைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்றார் பண்ணைக்காரர். அன்றே பொன்னிக்கு முன்பணம் கொடுத்தேன், அவளை இன்னும் பார்க்காமலே.

இன்னொரு கவலையும் இருக்கிறது. பட்டம் வாங்கிய இரண்டு மூன்று ஆண் நாய்களையே எல்லாரும் தேடிப் போகிறோம். போயர்புல் இனத்தின் சங்கம் 1983இல் உருவான காலத்தில் லூகஸ் வான் டெர் மெர்வேயும் யானி போவரும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிச் சுமார் 250 நாய்களைப் பார்த்து, பதிவுக்கு எடுத்தது 72 மட்டுமே. அடித்தளமே குறுகியது. அதிலும் சிலவற்றின் ரத்தத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் என்ன ஆகும்? அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கணக்கு, அதாவது ஒரே மூதாதையின் மரபணுவே இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம், ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகளுக்கு 12.5, உடன்பிறப்புகளின் பிள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் 6.25. மரபியல் அறிஞர் சூவல் ரைட் 1922இல் எழுதிய சூத்திரம் இது. பெடிகிரி காகிதத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெருமைக்கு மாட்டி வைத்திருப்பதை இறக்கி, ஒரே பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள் என்கிறேன்.

நம் பக்கத்துச் சூலு வீடுகளில் இருக்கும் மெலிந்த நாய்களை "தெரு நாய்" என்று தள்ளுகிறோமே, அந்த ஆஃப்ரிக்கானிஸ் நாய்களை யோஹன் காலன்ட்டும் ஜோசஃப் சிதோலேயும் வருடக்கணக்காக ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அழகுக்காக யாரும் அவற்றைச் சேர்க்கவில்லை. பிழைத்ததும் உழைத்ததும் குட்டி போட்டது. என் பக்கத்து வீட்டு நாய் பதினான்கு வயதில் இன்றும் கரும்புக் காட்டைத் தாண்டி மாட்டோடு போய்விட்டு வருகிறது. அதன் தகப்பன் பெயர் யாருக்கும் தெரியாது.

எழுத வேண்டியது என்ன என்று கேட்டால், அதிகம் இல்லை. ஒரு ஈத்துக்கு ஒரு பக்கம். எத்தனை பிறந்தது, எத்தனை இறந்து பிறந்தது, எந்தக் குட்டி எந்த ஊருக்குப் போனது. இனத்துக்கு ஏற்ப ஒரு வயதிலோ ஒன்றரை வயதிலோ எடுத்த மூட்டு எக்ஸ்ரே. இடிக்கும் வெடிக்கும் என்ன செய்தது, ஆட்டிடம் எப்படி, அந்நியரிடம் எப்படி. எந்த வயதில், எதனால் செத்தது. வாங்கியவர் சொல்லவில்லை என்றால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். அந்த ஒரு வார்த்தையும் வாங்குபவருக்கு ஒரு செய்திதான்.

கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, கெட்டதை எழுதினால் யார் நம்மிடம் குட்டி வாங்குவார்கள்?" அவர் கவலை நியாயமானது, அவருடைய வருமானம் அது. ஒருவர் மட்டும் எழுதினால் அவர் நாயை எல்லாரும் ஒதுக்குவார்கள், உண்மைதான். அதனால்தான் இதை ஒவ்வொருவர் மனச்சாட்சிக்கும் விடாமல் பதிவேட்டின் விதியாக வையுங்கள் என்று குழுவைக் கேட்கிறேன். ஒன்பதில் ஒன்று நொண்டிய ஈத்து கெட்ட ஈத்து இல்லை, எந்த வரிசையிலும் அப்படி ஒன்று பிறக்கும். எல்லாருடைய பக்கமும் திறந்திருந்தால் ஒன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் வாங்குபவருக்குத் தெரியும். இப்போது எல்லாருமே "ஒன்றுமில்லை" என்று சொல்வதால், நேர்மையாகச் சொல்பவரும் நம்பப்படுவதில்லை.

யாராவது தொடங்க வேண்டும். என் நோட்டை நானே திறந்து வைக்கிறேன். பொன்னியின் ஏழு குட்டிகளின் பக்கம் முழுவதும் நிரம்பியிருக்கிறது, வந்து பார்க்கலாம். அதில் ஒன்று கோழியைக் கொன்றது என்றும் எழுதியிருக்கிறேன். வீரனுக்கும் கருப்பிக்கும் பிறந்த ஒன்பதின் கணக்கு இது: இரண்டுக்கு மூட்டு ஈ தரம். மூன்றுக்கு சி அல்லது டி. இரண்டு நன்றாக இருந்தன. ஒன்று எட்டு மாதத்தில் பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சலில் போனது. எட்டு வீட்டுக்கும் நான் நேரில் போய், குட்டி போடவிடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பதாவது குட்டி கிடைக்கவில்லை. பெட்டை. 2017 கடைசியில் தொங்காட் சந்தைக்கு வெளியே, ஸ்டேங்கர் பக்கம் போகிறோம் என்று சொன்ன ஒரு குடும்பத்துக்குக் காசு வாங்காமல் கொடுத்தேன். வெள்ளை நிற பக்கி, பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள். குட்டி தேனடை நிறம், நெஞ்சில் கைக்குட்டை அளவுக்கு வெள்ளைத் திட்டு, இடது பின்காலில் மட்டும் ஒட்டு நகம். இருந்தால் இப்போது கிழவியாகியிருப்பாள். உங்களில் யார் வீட்டிலாவது அவளோ அவளுடைய பிள்ளைகளோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். காலையில் எப்படி எழுந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வெருலம் பக்கத்தில் ஆடு வளர்க்கும் ஒருத்தி